அஜுவாவின் இரண்டு புருஷன்கள்

“அடி அஜுவா, உன் புருஷனை உன் புருஷன் வித்துட்டான்டி.”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அஃபூவே சொன்னதைக் கேட்டதும், வள்ளிக்கிழங்கு இடித்துக்கொண்டிருந்த அஜுவாவின் உலக்கை அந்தரத்தில் நின்றது.

“எந்தப் புருஷனை?”

“மரத்துல இருக்காரே, அவரைத்தான். வெள்ளைத் துணியில சுத்தி, பொம்மை வாங்க வந்திருக்கிற அபிஜான் பட்டணத்து வேன்காரன்கிட்ட லூக்கு கொண்டுபோனதை என் கண்ணால பார்த்தேன்.”

பிறப்பதற்கு முன் இருந்த அந்த உலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு என்பது அந்த ஊர் நம்பிக்கை. அங்கே விட்டுவந்த ஜோடிக்குக் கோபம் வந்தால் இங்கே குடும்பம் விளங்காது. அஜுவாவுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து தங்கவில்லை. குறி சொல்பவர் சொன்னபடி அந்த உலகத்துப் புருஷனை மரத்தில் செதுக்கி வாங்கி, படுக்கையறை மூலையில் முக்காலி போட்டு வைத்தாள். முட்டை படைத்தாள். வியாழக்கிழமை ராத்திரியை அவருக்கென்று ஒதுக்கினாள். அன்றைக்கு லூக்கு பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவான்.

இப்போது அவளுக்கு எட்டாம் மாதம்.

உள்ளே ஓடிப் பார்த்தாள். முக்காலி காலியாக இருந்தது.

“பொறாமைடி” என்றாள் அஃபூவே. “வியாழக்கிழமை வந்தா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு அலையுற ஆளுதானே.”

“இந்த ஆளுக்கு மட்டும் செவ்வாய்க்கிழமை ஒருத்தி இல்லையா? நான் வாயைத் திறந்தேனா?”

“திறந்தியே. ஆத்தங்கரை வரைக்கும் கேட்டுச்சு.”

லூக்குவின் மரப்பெண்டாட்டி கல்யாணத்துக்கு முன்பே வந்தவள். அடுத்த அறையில் இருக்கிறாள். தோட்டத்தில் கோகோ காய்ப்பதே அவளால்தான் என்பது லூக்குவின் கட்சி.

அஜுவா உலக்கையோடு தெருவில் இறங்கினாள். பின்னால் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அவளுடைய தம்பி ப்ரூ எங்கிருந்தோ ஓடிவந்து முன்னால் நடந்தான்.

ஊர்த்தலைவர் வீட்டு மாமரத்தடியில் வேன் நின்றது. வைக்கோலுக்குள் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தான் வேன்காரன் சில்லா. பக்கத்தில் லூக்கு. கக்கத்தில் வெள்ளைத் துணி மூட்டை.

அஜுவாவுக்கு முன்னால் ப்ரூ பேசினான்.

“மச்சான், எங்க அக்கா வயித்துப் பிள்ளையை விட வேன்காரன் உனக்குப் பெருசாப் போயிட்டானா? தலைவரே, நீங்களே கேளுங்க. ஒரு ஆடு, ரெண்டு பாட்டில் ஜின், ஒரு வெள்ளைக்கோழி. அபராதத்துல ஒரு இறகு குறையக் கூடாது.”

லூக்கு தலையைக் குனிந்துகொண்டான்.

“வீட்டுக்கு வா அஜுவா. அங்க பேசிக்கலாம்.”

“இங்கயே பேசுய்யா.” உலக்கையை வேன் சக்கரத்துக்கு முன்னால் ஊன்றினாள். “அவர் வெளியில வராம இந்த வண்டி நகராது.”

சில்லா கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். “அம்மா, உங்க பொம்மை வண்டியில இல்ல. வீட்டுக்காரர் கக்கத்துல இருக்கு. காலையில என் வண்டியில பார்த்து அடையாளம் கண்டுக்கிட்டார். திரும்ப வாங்கிட்டுப் போகத்தான் வந்தார்.”

லூக்கு மூட்டையைப் பிரித்தான். வாரி முடித்த கொண்டை, வயிற்றின் மேல் இரண்டு கை, உதட்டில் காய்ந்த முட்டை. அவரேதான்.

அஜுவா பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“அப்ப வித்தது யாரு?”

சொல்லாதே என்று லூக்கு சில்லாவுக்குக் கண்ணைக் காட்டினான். சில்லா லூக்குவைப் பார்த்தான். உலக்கையைப் பார்த்தான். உலக்கை ஜெயித்தது.

“நீங்க விடியக்காலையில தண்ணிக்குப் போயிருந்தப்ப ஒருத்தர் கொண்டுவந்து கொடுத்தார். உங்க பக்கத்துலதான் நிக்கிறார்.”

ப்ரூ மாமரத்தில் ஏதோ தேடுகிறவன்போல் அண்ணாந்தான்.

“உன் கூடப்பிறந்தவனாச்சேன்னு பார்த்தேன்...” என்று இழுத்தான் லூக்கு.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். “ஒரு ஆடு, ரெண்டு பாட்டில் ஜின், ஒரு வெள்ளைக்கோழி. இறகு குறையக் கூடாதுன்னு நீதானேப்பா சொன்னே? உன் விருப்பப்படியே செஞ்சிடுவோம்.”

பெண்கள் குலவையிட்டார்கள். அஜுவா மரப்புருஷனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்து கைதட்டிப் பாடினார்கள். லூக்கு தங்கமான ஆள் என்று தனக்கு எப்போதோ தெரியும் என அஃபூவே வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். தங்கமான ஆள் உலக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசியில் வந்தான்.

வீட்டில் அவரை முக்காலியில் உட்காரவைத்து ஒரு முட்டை வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். இன்னொரு முட்டையையும் எடுத்துக்கொண்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்காரிக்கு அவள் இதுவரை ஒரு பருக்கை வைத்ததில்லை. இன்றைக்கு வைக்கலாம்.

அடுத்த அறைக்குப் போனவள், முட்டையும் கையுமாக நின்றாள். அங்கேயும் முக்காலி காலியாக இருந்தது.

“எங்கய்யா அவ?”

“வேன்காரன் சும்மா கொடுப்பானா? ஒண்ணுக்கு ஒண்ணுன்னான். வெள்ளைத் துணியில சுத்திக் கொண்டுபோய்க் கொடுத்தது அவளைத்தான்.”

“உன் கோகோ?”

“காய்ச்சாக் காய்க்கட்டும், காய்க்காட்டிப் போகட்டும்” என்றான் லூக்கு, உலக்கையைச் சுவரில் சாய்த்துக்கொண்டே. “வியாழக்கிழமை அவருக்கு. மிச்ச ஆறு நாளும் உனக்கு.”