பாறையில் கட்டிய நாய்

ஈவிரக்கம் இல்லாத எவனோ அந்த நாயைப் பாறையில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுப் போயிருந்தான்.

அது குரைக்கவில்லை. அழுதது.

ஐல்சாவுக்கு நெஞ்சு கொதித்தது.

ஸ்காட்லாந்து மலைகளில் தனியாகவே நடந்து பழகியவள். இன்றைக்குப் பச்சைப் பாசியைப் புல்தரை என்று நம்பிக் கால் வைத்துவிட்டாள். தொடை வரை உள்ளே இழுத்துக்கொண்டது கருஞ்சேறு. சுற்றிலும் மூடுபனி. போனில் சிக்னல் இல்லை.

முதுகுப்பையை முன்னால் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து, எப்படியோ காலை உருவிக்கொண்டு வந்தாள். கொஞ்சம் நகர்ந்தால் மறுபடி சேறு. விரல்கள் மரத்துப்போயின. இப்படியே கிடந்துவிடலாம் என்று கண் செருகியபோதுதான் அந்த அழுகுரல்.

'ஐயோ பாவம், என்னைப்போல அதுவும் மாட்டிக்கிச்சு போல.'

அதைக் காப்பாற்றத்தான் தவழ்ந்து தவழ்ந்து வந்தாள். வந்து பார்த்தால், சங்கிலி!

பனிக்குள்ளிருந்து ஒரு கிழவர் வந்தார். அந்த மலையில் ஆடு மேய்க்கும் முர்டோ. நாய் அவர்மேல் தாவியது.

"யோவ், உன் நாயா?"

"ஆமா தாயி. பேரு ஜெஸ்."

"நீதான் கட்டினியா?"

"நானேதான்."

"நீயெல்லாம் மனுஷனா? வாயில்லா ஜீவன் இந்தக் குளிர்ல இப்படிக் கதறுது, காதுல விழல?"

"விழுந்துச்சு. அந்தா, அந்தச் சரிவுல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"கேட்டுக்கிட்டே நின்னியா? போலீஸ்ல சொல்லாம விடமாட்டேன்!"

"சொல்லு. அதுக்கு முன்னாடி இந்தக் கம்பளியப் போத்திக்க. உதடெல்லாம் நீலம் பாரிச்சுக் கெடக்கு. பூட்ஸ் ஒண்ணைச் சேத்துக்குக் காணிக்கை போட்டுட்டியாக்கும்?"

அவள் கம்பளியைத் தள்ளிவிட்டாள். "பேச்சை மாத்தாதே. எதுக்குக் கட்டினே?"

முர்டோ சங்கிலியை அவிழ்த்தார். நாய் அவர் கன்னத்தை நக்கியது. அதன் ஈரக் காதுகளைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"கீழ ரோட்டோரம் ஒரே ஒரு கார் நின்னுச்சு. ஆள் திரும்பல. பனியும் எறங்கிருச்சு. பனியில ஒத்தையாப் போறவங்க சுத்திச் சுத்திச் சேத்துக்குள்ளயேதான் வருவாங்க. இங்க கெட்டித் தரைன்னா இந்தப் பாறைதான். நான் கத்துனா நாலு கத்துல தொண்டை அடைச்சுரும். இவளுக்கு அடைக்காது. ஆனா நான் பக்கத்துல இருந்தா வாயே தெறக்க மாட்டா."

கம்பளியை மறுபடி நீட்டினார்.

"அதான் கட்டிப்போட்டுட்டு, கண்ணுல படாமப் போயி நின்னேன். இவ அழுதாத்தான தாயி நீ வருவ?"