இடது கை

முப்பத்திரண்டு பிள்ளைகளும் கை தூக்கிவிட்டார்கள்.

ஆய்வுக்கு வந்த ஆபீசரம்மா அசந்துபோனார். ஹெட்மாஸ்டர் கலீலுல்லாவுக்கு முகமெல்லாம் பல். தாராவித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், நாலாம் வகுப்பில், கணக்கு தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லையென்றால் சும்மாவா!

கீதா டீச்சருக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று மத்தியானம் ஹெட்மாஸ்டர் இதே வகுப்பில் வந்து நின்று பாடம் நடத்தியிருந்தார்.

"விடை தெரிஞ்சவன் வலது கையத் தூக்கு. தெரியாதவன் இடது கையத் தூக்கு. தூக்காம மட்டும் இருக்கப்படாது!"

பிறகு அவளிடம் திரும்பினார். "டீச்சர், நீங்க வலது கைக்காரங்கள மட்டும் எழுப்புங்க. இல்லேன்னா திங்கக்கிழமைலருந்து கல்யாண்ல வீட்டோடயே உக்காந்துக்கலாம்."

கல்யாணிலிருந்து தினமும் லோக்கல் ரயிலில் நசுங்கி வந்து பார்க்கிற தற்காலிக வேலை. அதுவும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

ஆனால் கீதாவின் வகுப்பில் சட்டமே வேறு. பெஞ்சை எந்தப் பக்கம் போடுவது என்பதற்குக்கூடப் பிள்ளைகள் வோட்டுப் போடுவார்கள். யார் தெரியாது என்கிறார்களோ அவர்களைத்தான் அவள் முதலில் எழுப்புவாள். அங்கிருந்துதான் பாடமே ஆரம்பிக்கும். தெரியாது என்று சொல்ல வெட்கப்படாத பிள்ளைகளுக்கு இந்த ஆள் பித்தலாட்டம் கற்றுக்கொடுக்கிறாரே!

ஆபீசரம்மா கேட்டது இட்லிக் கணக்கு. நூற்று நாற்பத்தைந்து இட்லி, டப்பாவுக்குப் பன்னிரண்டு. எத்தனை டப்பா, மிச்சம் எத்தனை?

வகுத்தல் என்றாலே திருதிருவென்று முழிக்கிற பேச்சிராஜா, வலது கையைக் கூரையைத் தொடுகிற மாதிரி நீட்டிக்கொண்டிருந்தான். பாவம், ஹெட்மாஸ்டர் மேல் அவ்வளவு பயம் என்று கீதா நினைத்துக்கொண்டாள்.

"ம்ம், எழுப்புங்க டீச்சர்," என்ற ஹெட்மாஸ்டர், தன் வலது கையை லேசாக ஆட்டிக் காட்டினார்.

போனால் போகட்டும், பெரிய வேலை! தெரியாத பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று ஆபீசரம்மாவும் பார்க்கட்டும்.

"சாயிமா, நீ சொல்லும்மா."

சாயிமா தூக்கியிருந்தது இடது கை. ஹெட்மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"பன்னெண்டு டப்பா டீச்சர். மிச்சம் ஒரு இட்லி."

கீதாவுக்கே தூக்கிவாரிப்போட்டது. குருட்டாம்போக்கில் சொல்லிவிட்டாளோ? விடாமல் இன்னொரு இடது கையை எழுப்பினாள். "தௌசீப், அது எப்படி வந்துச்சு?"

"பன்னெண்டு பன்னெண்டு நூத்தி நாப்பத்தி நாலு. ஒண்ணு மிஞ்சுது. அத நான் தின்னுருவேன்."

ஆபீசரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "இந்த டீச்சர விட்டுராதீங்க சார்," என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குக் கிளம்பினார். ஹெட்மாஸ்டர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே பின்னால் ஓடினார்.

கீதா சாயிமாவின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். "விடை தெரிஞ்சுக்கிட்டே ஏம்மா இடது கையத் தூக்கின?"

"காலையில பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே வோட்டுப் போட்டுட்டோம் டீச்சர்," என்றாள் சாயிமா.

பின்னாலிருந்து பேச்சிராஜா கத்தினான்.

"நீங்க அவரு பேச்சக் கேக்க மாட்டீங்கன்னு தெரியும்லா, அதான் கைய மாத்திட்டோம்!"