கண்ணாடிக் கெண்டி

"கேப்டன் துரை கூப்பிடறார். இன்னியோட உன் சீட்டுக் கிழிஞ்சது!" என்றார் அப்பாசாமி மேஸ்திரி.

ரங்கூன் துறைமுகத்தில் நின்ற ஸ்பெயின் கப்பலில், காலையில் குழந்தைவேலு பாரம் தூக்கும் வின்ச்சை ஓட்டித் தூக்கிய அரிசி மூட்டைகள் நடுவானில் சரிந்து விழுந்திருந்தன. கேப்டன் ஓரடி தள்ளி நின்றதால் பிழைத்தார்.

"என் கை ஆடலீங்க, மேஸ்திரி."

"உனக்குக் கை நடுக்கம்னு துரைகிட்டே சொல்லிட்டேன். பின்னே, மூட்டை தானாவா விழுந்தது?"

பசுந்தாங் பேட்டை வீட்டில் நிறைமாதமாக இருந்த மனைவி ஜெயம்மாவின் முகம் அவன் கண்ணில் வந்து போனது.

இருவரும் கேப்டனின் அறைக்குள் போனார்கள். அவர் சிரிக்கவில்லை. நீண்ட மூக்கு வைத்த கண்ணாடிக் கெண்டி ஒன்றை மேஜைமேல் வைத்தார். உள்ளே சிவப்பு ஒயின். இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"அவங்க ஊர் ஒயினாம். முதல்லே குடிக்கணுமாம்" என்றார், இங்கிலீஷ் தெரிந்த மேஸ்திரி. பிறகு கிசுகிசுத்தார்: "துரை முன்னாலே அண்ணாந்து குடிச்சு மானத்தை வாங்காதே. என்னைப் பார்த்துக் குடி!"

மேஸ்திரி கெண்டி மூக்கை வாயில் வைத்து உறிஞ்சினார். ஒயின் குபுக்கென்று பொங்கி மீசையிலும் வெள்ளைக் கோட்டிலும் வழிந்தது. புளிப்பில் முகம் அஷ்டகோணலாயிற்று. ஆனாலும், "பேஷ்! தேன், துரை, தேன்!" என்றார்.

கேப்டன் முகத்தைச் சுளித்தார்.

அடுத்து குழந்தைவேலு. இன்னொருவர் எச்சிலில் அவனால் வாய் வைக்க முடியாது. வைக்காவிட்டால் துரைக்குக் கோபம் வரும். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டான். கெண்டியைப் பிடித்த கை பழக்கத்தில் தானாக மேலே உயர்ந்தது. சன்னமான சிவப்புத் தாரை நேராகத் தொண்டைக்குள் இறங்கியது.

"எப்படி இருக்குன்னு கேட்கறார். தேன்னு சொல்லுடா!"

"துவர்க்குதுங்க. நாவல்பழம் தின்ன மாதிரி" என்று நாக்கை நீட்டியே காட்டிவிட்டான்.

கேப்டன் சட்டென்று எழுந்து இழுப்பறையைத் திறந்தார். துரை பேசப் பேச, மேஸ்திரியின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"என்ன சொல்றாருங்க?"

"அவங்க ஊர்லேயும் அண்ணாந்துதான் குடிப்பாங்களாம். வாய் வைக்கறதுதான் மரியாதை இல்லையாம். ஒரு சொட்டும் சிந்தாத கை நடுங்கற கை இல்லையாம். நாளைக்கும் வின்ச்சிலே நீதான் நிக்கணுமாம்."

குழந்தைவேலுவுக்கு மூச்சு வந்தது. "அவர் கையிலே அது என்னங்க?"

கேப்டன் ஒரு கயிற்றுத் துண்டை மேஜைமேல் போட்டார். விரல் பட்டதும் அது நார்நாராக உதிர்ந்தது.

"மூட்டையைக் கட்டின கயிறு. மக்கிப்போன இந்தக் கயிற்றை வாங்கிக் கொடுத்தது யார்னு உன்னைக் கேட்கறார்" என்ற மேஸ்திரி அவன் காதருகே குனிந்தார். "குழந்தை... என் பேரைச் சொல்லிடாதேப்பா!"