பின்கண்ணாடியில் ஒரு பிளஸ்

பழைய சாமான் கடையில் ஞானமுத்து தன் காருக்கு வாங்கிய பின்கண்ணாடி, முன்பு ஏதோ ஒரு டாக்டரின் காரில் இருந்தது. சிவப்பு பிளஸ் ஸ்டிக்கரை உரித்துவிட்டான். அதன் பசை மட்டும் கல்லாக இறுகி, தூசியைத் தின்று, கறுப்பு பிளஸ்ஸாக நின்றது. பிளேடால் சுரண்டினான். பெட்ரோல் ஊற்றித் தேய்த்தான். கை பிசுபிசுத்ததுதான் மிச்சம். "எந்த எழவெடுத்தவன்டா இத ஒட்டினது?" என்று கத்தினான்.

தெருவில் போன ஒருத்தி குழந்தையோடு நின்றாள். "காலையிலேர்ந்து கண்ணத் தொறக்க மாட்டேங்குறான் டாக்டர்."

"நான் டாக்டர் இல்லம்மா. இது பழைய கண்ணாடி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ."

அவள் பிளஸ்ஸையே பார்த்தாள். "ஒரு தடவ தொட்டுப் பாருங்க."

எரிச்சலோடு குழந்தையின் நெற்றியில் கை வைத்தான். பெட்ரோல் நெடியில் அது தும்மிக் கண்ணைத் திறந்தது. அவள் அழுதபடி கும்பிட்டாள். "ஐயோ, ஆஸ்பத்திரிக்குப் போம்மா!" என்று அவன் கத்தியது அவள் காதில் விழவில்லை.

மறுநாள் காலை புது பிளேடோடு வெளியே வந்தான். காருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த நாலு பேர் எழுந்து நின்றார்கள். பிளஸ்ஸின் நடுவில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள்.