முற்றத்துக்கு ஒரு சாட்சி

தெய்வசிகாமணி கதவைத் திறந்ததும் அரிபிரசாத் ஒரு படி பின்வாங்கினான். அவன் வரைந்து கட்டிக்கொடுத்த ஒரே முற்றத்து வீடு இது. கட்டிய எட்டு மாதமும், "மழை வரும், பூனை வரும், திருடனும் வருவான்" என்று அவனை வறுத்தெடுத்தவர் இவர்தான்.

இன்று அவன் கூட்டி வந்திருப்பது சவுரிராயனையும் அவர் மனைவி வேணியையும். கிழக்குப் பக்கத்துக் காலி மனையை வாங்கியிருக்கிறார்கள். இவர்களும் நழுவிவிட்டால், திண்டிவனத்தில் ஆயுசுக்கும் கடைக்கட்டடம் வரைந்தே காலந்தள்ள வேண்டியதுதான்.

"வாங்க, வாங்க! உள்ள வந்து வெளிச்சத்தப் பாருங்க" என்றார் தெய்வசிகாமணி. அரிபிரசாத்துக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

நடுவீட்டில் காலை வெயில், துவைத்து விரித்த வேட்டிபோலக் கிடந்தது. வேணி உள்ளங்காலில் ஒட்டிய வேர்க்கடலைத் தோலைத் தட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"நாங்க மேல ரெண்டு ரூம் போட்டு மாடி எடுக்கலாம்னு இருக்கோம்ங்க."

"மாடியா? எதுக்கும்மா அந்த பேஜாரு? ஏறி எறங்கி முட்டிதான் போவும். நடுவுல இப்படித் தொறந்து வுட்டுப் பாருங்க! பகல்ல லைட்டே போடறதில்ல. மத்தியானம் ஆனா வீடே இங்கதான் குந்திக்கினு இருக்கும்."

"மழை பேஞ்சா?" என்று இழுத்தார் சவுரிராயன்.

"பேயட்டுமே! பாக்கவே அவ்ளோ அழகா இருக்கும்."

அரிபிரசாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த முற்றத்தைக் காகிதத்தில் வரைந்தபோது அவன் கண்ட கனவை, இந்த மனிதர் வரி பிசகாமல் சொல்கிறாரே!

சவுரிராயன் மனைவியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

"தம்பி, மாடி வேணாம். இதே மாதிரி கீழயே போட்டுக் குடுத்துடுங்க."

அவர்கள் போனதும் அரிபிரசாத் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், கடைசில என் முற்றம் உங்களுக்குப் புடிச்சுப் போச்சில்ல?"

தெய்வசிகாமணி தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வாசல் கதவைத் தாழிட்டார். படுக்கையறைக் கதவைத் தள்ளினார். உள்ளே கட்டில் தெரியாமல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒன்றை முற்றத்துக்கு இழுத்து வந்து, அவிழ்த்து வேர்க்கடலையைக் கொட்டினார். பிறகு கிழக்குச் சுவரைக் காட்டினார்.

"அந்தாண்ட மாடி எழும்பிச்சின்னா, என் மல்லாட்டை எங்க தம்பி காயும்?"