மிச்சம் மூன்று கிலோ

அமெரிக்காவிலிருந்து மாமா குடும்பத்துக்கே ஸ்பான்சர் செய்தபோது சுகிர்தா நான்காம் வகுப்பில் இருந்தாள். ஒருவழியாக விசா வந்தபோது, இருபத்தொரு வயது கடந்துவிட்டதென்று அவளுக்கு மட்டும் இல்லை என்றார்கள். போகிறவர்களுக்குத்தான் ஆயிரம் வேலை. பெட்டிகளை எடை போட அவளைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு அவள் எடை மெஷின்மேல் ஏறி நிற்பாள். அம்மா குனிந்து முள்ளைப் பார்த்துச் சொல்வாள். தம்பி அதில் அக்காவின் எடையைக் கழிப்பான். அவளுக்குத் தோள் கடுத்தது. கடைசிப் பெட்டிக்கு அம்மா, "இன்னும் மூணு கிலோ வைக்கலாம். வேற என்னடி இருக்கு?" என்றாள்.

"எல்லாத்தையும் வச்சாச்சேம்மா."

சுகிர்தா பெட்டியைக் கீழே வைத்தாள். மெஷினைவிட்டு இறங்கவில்லை. முள் ஆடி ஆடி அவள் எடையில் வந்து நின்றது. குனிந்திருந்த அம்மா நிமிரவேயில்லை.