ரோட்டோர வரிசை

பேரைப் பற்றிப் பேசாமல் போய்விட்டால் போதும். முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்க்கும்போது காளியம்மாளின் மனதில் அது ஒன்றுதான் ஓடியது. மற்ற எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடலாம்.

வேலிக் கதவு திறந்ததும் பரிதி சார் முதலில் உள்ளே போனார். ஆராய்ச்சி நிலையத்தில் அவளுடைய மகள் எழில்மொழிக்கு மேலதிகாரி அவர். வறட்சி தாங்கும்படி மரபணுவைத் திருத்திய நெல்லைச் சொந்த ஊரின் கடைமடை மண்ணிலேயே சோதிக்க வேண்டும் என்று அவரிடம் அடம்பிடித்து அனுமதி வாங்கியிருந்தாள் எழில்மொழி.

வயலின் ஒரு பாதியில் சாதா நெல் வைக்கோலாகக் கிடந்தது. மறுபாதியில் எழில்மொழியின் நெல் கதிர் பிடித்து நின்றது.

"சொட்டுத் தண்ணி காட்டாம இப்படி நிக்குதேம்மா." பரிதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எழில் இருந்து பாத்திருக்கணும்."

கூடவே வந்த பக்கத்து வயல்காரன் இராஜாங்கம் ஒரு கதிரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தான். "அக்கா, விதை வந்தா முதல் மூட்டை எனக்குத்தான், சொல்லிட்டேன். இனிமே ஆத்துல தண்ணி வந்தா என்ன, வராட்டி என்ன. போர் போடுற யோசனையையே விட்டுட்டேன்."

காளியம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியாகத் தண்ணீரை நிறுத்திய அன்று எழில்மொழி இதே வரப்பில்தான் உட்கார்ந்திருந்தாள். "இனிமே இதைக் காயவிடணும்மா. தாங்குதா, போயிடுதான்னு பாக்கத்தான் இத்தனை வருஷப் படிப்பு."

"நட்ட கையாலயே பட்டினி போடுவியாடி?"

"போடுவேன். பரீட்சைக்கு அனுப்பிட்டு, மனசு கேக்காம சோத்துவாளியைத் தூக்கிட்டுப் பின்னாடியே வந்து நிப்பியே, அந்த மாதிரி இங்க வந்து நிக்காதே." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அடுத்த வாரம் மன்னார்குடி ரோட்டில் ஒரு லாரி. காரியம் முடிந்து காளியம்மாள் வயலுக்கு வந்தபோது பயிர் இலைகளைச் சுருட்டிக்கொண்டு நின்றது.

வயலைச் சுற்றி மூன்று பக்கமும் பச்சை வலை மறைப்பு. ரோட்டுப் பக்கம் மட்டும் வெறும் கம்பிவேலி. எதிரே டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பக்கம் போன பரிதி நின்றார். "இந்த ஒரு வரிசை மட்டும் ஏன் கருகிப்போச்சு? இதுவும் எழில் நெல்லுதானே?"

"தார் ரோட்டு அனல் சார்," என்றான் இராஜாங்கம்.

"இருக்கும்." அவர் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "இதுக்கு ஒரு பேர் வைக்கணும்மா. வெறும் நம்பர் போட்டு அனுப்ப எனக்கு மனசு வரலை. எழில்மொழின்னே வச்சிடலாம். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

கடைசியில் கேட்டேவிட்டார்.

ஒரு வார்த்தைதான். வீட்டில் இப்போது யாரும் கூப்பிடாத அந்தப் பேரைக் கடைமடை முழுக்கச் சொல்லுவார்கள். விதைக்கடையில் கேட்டு வாங்குவார்கள். நாற்றங்காலில் நின்று, எழில்மொழி நல்லா வந்திருக்கு என்பார்கள். அந்த வாக்கியத்தை அவள் தனக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

இராஜாங்கம் இன்னும் அந்தக் கதிரை விடவில்லை.

"வேணாம் சார்," என்றாள்.

"ஏம்மா? அவ உழைப்பும்மா இது."

அவள் கம்பிவேலி வரைக்கும் நடந்தாள். கருகிய வரிசையின் முன்னால் குந்தி, ஒரு தூரை இரண்டு கையாலும் பிடித்தாள். அது பொடிந்து விரலோடு வந்தது.

"வச்சுத்தான் ஆகணும்னா இதுக்கு வைங்க சார். இது ஒண்ணுக்குத்தான் நான் தண்ணி ஊத்தலை."